மாசி போட்ட சம்பல்

தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் தப்பே நடக்காது என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். நான் கேட்டேன். பதிலும் சரியாகத்தான் வந்தது. அப்படியிருந்தும் ஆசாரமான ஒரு சைவக் குடும்பத்துக்கு என் கையாலேயே மீன் பரிமாறினேன். அதுவும் கல்யாணமான புதிதில், மாமனார் வீட்டில்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியாராக இருந்தேன். கரும்பலகையில் இலங்கையை மாங்காய் மாதிரி வரைந்து, தேயிலை, ரப்பர், தென்னை என்று அம்புக்குறி போடுவேன். மற்றபடி தனுஷ்கோடிக்கு அப்பால் போனது கிடையாது (தனுஷ்கோடிக்கும் போனது கிடையாது). கண்டியில் துணிக்கடை வைத்திருந்த என் தாய்மாமா கோடை விடுமுறைக்குக் கூப்பிட்டதும், காகிதங்களுக்காக அலைந்து திரிந்து ஒருவழியாகக் கப்பல் ஏறினேன்.

தீவு என்றால் எங்கே நின்றாலும் கடல் தெரியும் என்று மனதுக்குள் ஓர் எண்ணம் இருந்தது. (பாடம் நடத்துகிறவன் இதை வெளியே சொல்லக் கூடாது.) கண்டியில் கடல் இல்லை. மலையும் மழையும் ஒரு பெரிய ஏரியும்தான் இருந்தன. மாமாவுக்குக் கடையை விட்டு நகர முடியாது. முதல் நாளே சொல்லிவிட்டார்:

"எங்க வேணாலும் சுத்து. ஆனா வெளியில எதைத் தின்னாலும் கேட்டுட்டுத் தின்னு. இங்க கத்தரிக்காய்க்குள்ளயும் கருவாடு இருக்கும்."

சுற்றினேன். யானைக் காலை விடப் பருத்த மூங்கில்கள் இருந்த தோட்டத்தில், அவை எப்படி இவ்வளவு பருக்கின்றன என்று பக்கத்தில் நின்ற ஒருவருக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது காலில் அட்டை கடித்து வேட்டியெல்லாம் ரத்தம். அவருக்குத் தமிழ் தெரியாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. செவ்விளநீர் குடித்தேன். மயிர் முளைத்த பழம் ஒன்றைத் தோலோடு கடித்தேன். எருமைத் தயிரில் கித்துள் பனையின் பாகை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, இனி ஊரில் மோர் எப்படி இறங்கும் என்று கவலைப்பட்டேன்.

தோட்டத்துக்கு எதிரே ஒரு தேநீர்க்கடை. நடத்தியவர் யாழ்ப்பாணத்துக்காரர். ரொட்டியை அங்கே பாண் என்பார்கள். அதில் செக்கச்செவேலென்று எதையோ தடவிக் கொடுத்தார். சீனிச் சம்பலாம். இனிப்பு, காரம், புளிப்பு மூன்றும் ஒன்றாக நாக்கில் ஏறின. மாமாவின் எச்சரிக்கை நினைவுக்கு வந்தது.

"இதிலே என்னென்ன சேர்த்திருக்கீங்க?"

"வெங்காயம், மிளகாய், புளி, சீனி, கறுவாப்பட்டை, மாசி."

வைகாசி மாதத்தில் எதற்கு மாசியைச் சொல்கிறார்? சற்று யோசித்தேன். புரிந்துவிட்டது.

"ஓகோ, மாசியில போட்டதா?"

"ஓம், மாசி போட்டதுதான். மாசி போடாமல் சம்பலோ?"

அந்த மாதம் தவறினால் இதைச் செய்யவே முடியாதுபோல என்று வியந்து, ஒரு ஜாடி நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஊர் திரும்பியதும் கீரமங்கலத்தில் மாமனார் வீட்டில் விருந்து. மாமனார் சிவதீட்சை வாங்கியவர். வெளியூர் போனால் தண்ணீர்கூட வீட்டுச் செம்பிலிருந்துதான் குடிப்பார். பூசை முடிந்து நெற்றி நிறையத் திருநீற்றோடு இலை முன் உட்கார்ந்தார். நான் எழுந்து, நானே சம்பலைப் பரிமாறினேன். கூடவே பாடமும் நடத்தினேன். மாசியில் பனி விலகி வெயில் ஏறுகிறது, காற்றில் ஈரம் குறைகிறது, அந்தப் பக்குவத்தில் வெங்காயத்தின் நீர் சுண்டுகிறது, ஆகவே கெடுவதில்லை. (பருவக்காற்றைப் பற்றியும் கொஞ்சம் சொன்னேன் என்று நினைக்கிறேன்.)

"மாப்ள, இன்னுங் கொஞ்சம் வைங்க," என்றார் மாமனார்.

கொல்லை வாசலில் பக்கத்து வீட்டுப் பூனை வந்து கத்தியது. மாமியார் விறகை எடுத்து விரட்டினார். அது மறுபடி வந்தது.

"என்னைக்கும் இல்லாம இங்கிட்டு என்னடி வேலை இதுக்கு?" என்று என் மனைவி சிவகாமியிடம் கேட்டார்.

"பால் வாசனைக்கு வந்திருக்கும்," என்றேன் நான்.

கை கழுவும் நேரத்தில் சந்தையில் மளிகைக் கடை வைத்திருந்த சுப்பையா வந்தார். கொழும்பில் பல காலம் கடை நடத்தியவர். இலங்கைச் சேதி கேட்க வந்திருந்தார். மாமனார் பெருமையோடு ஜாடியை நீட்டினார். திறந்து மோந்ததும் சுப்பையாவின் முகம் மலர்ந்தது. உடனே மாமனாரின் நெற்றியைப் பார்த்துச் சுருங்கியது.

"யாருக்குங்க இது?"

"எல்லாருக்குந்தான். நான் ரெண்டு தடவை வாங்கிக்கிட்டேன்."

"இதுல மாசில்ல போட்டிருக்கு?"

"ஆமா, மாசியில போட்டதுதான். மாப்ள அப்பவே சொல்லிட்டாரு."

சுப்பையா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"மாசம் இல்லீங்க," என்றார், குரலைத் தாழ்த்தி. "மாசின்னா மீனுங்க. சூரை மீனை அவிச்சு, பொகையில காட்டி, கட்டை மாதிரி காயவச்சு இடிச்சுப் போடுவாங்க."

கொல்லையில் பூனை மறுபடி கத்தியது.

மாமனார் நேரே கிணற்றடிக்குப் போனார். வாளி வாளியாகத் தலையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நான் பின்னாலேயே ஓடி, வாழை மரத்தடியில் வாந்தி எடுக்க முயன்றேன். வரவில்லை. வயிற்றுக்கு அது பிடித்துப்போயிருந்தது, பாவி வயிறு! திரும்பி வந்தால் வாசலில் மாமியார் நின்றார். கல்யாணமானதிலிருந்து அவர் என்னிடம் நேரே பேசியதில்லை. அந்தக் கால வழக்கம் அது. எதுவானாலும் மகள் மூலமாகத்தான் சொல்வார். அன்று முதல் முறையாக என்னைப் பார்த்துக் கேட்டார்:

"பள்ளிக்கூடத்துப் புள்ளைகளுக்கு நீங்க என்னத்தங்க சொல்லிக் குடுக்குறீங்க?"

ஜாடி குப்பைக்குழிக்குப் போனது. பாத்திரங்கள் சாம்பலிலும் புளியிலும் புரண்டன. குருக்களிடமிருந்து பஞ்சகவ்யம் வந்தது. வரிசையாக எல்லோரும் குடித்தோம், எனக்கு மட்டும் செம்பு நிறைய. பொழுது சாயும் நேரத்து பஸ்ஸில் ஊருக்குக் கிளம்பினோம். சிவகாமி துணிப்பையை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டு, அறந்தாங்கி வரும் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். 'இனி இந்த வீட்டுக்கு என்னை அழைப்பார்களா?' என்பதுதான் எனக்குப் பயம்.

அழைத்தார்கள். அடுத்த தீபாவளிக்குப் போனபோது இலையில் செக்கச்செவேலென்று ஏதோ இருந்தது. வெங்காயம், மிளகாய், புளி, சீனி, பட்டை. மாமியாரே செய்தது, மீன் இல்லாமல். மாமனார்தான் கேட்டாராம். ஒரு வாய் எடுத்துப் போட்டு, கண்ணை மூடி, வெகுநேரம் மென்றார். எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றார். "ஏதோ ஒண்ணு கொறையுது."

முதலில் சிவகாமிதான் சிரித்தாள். பிறகு மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்தச் சம்பல் உண்டு. ஒவ்வொரு தடவையும் மாமனார் அதே மாதிரி கண்ணை மூடி, அதையே சொல்வார். என்ன குறைகிறது என்று அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் ரசத்தில் உப்போ பாயசத்தில் சர்க்கரையோ குறைந்தால், யாராவது ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஏதோ ஒண்ணு கொறையுது," என்பார். உடனே மற்றவர்கள் அத்தனை பேரும் என் பக்கம் திரும்புவார்கள். நான் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.