ஆமென் உபதேசியாரும் பியானோக் கச்சேரியும்

ஒரு மனிதரின் வாயை ஒரு மாலைப்பொழுது மட்டும் அடைத்துவைத்தால் ஊரார் அனைவருக்கும் ஒரு கதவு திறந்தே இருக்கும் என்றால், அடைப்பது நியாயமா? பட்டப்படிப்பில் நான் பயின்ற அறநூல்கள் எவையும் இக்கேள்விக்கு விடை தரவில்லை. கேள்வியை என்மீது சுமத்தியவர், நாகர்கோவிலில் எங்கள் தெருவில் வாழ்ந்த ஆமென் உபதேசியார். அவர் முன்னிலையில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் எந்த மௌனமும் ஒரு மூச்சுக்கு மேல் உயிர்வாழ்ந்ததில்லை.

மிஷன் கோவில்களில் உபதேசியாராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். நீண்ட ஜெபங்களின் முடிவில், தூங்கிய சபையை எழுப்பும் முதல் ஆமெனைச் சொல்வது அவருடைய பொறுப்பாக இருந்தது. வேலை ஓய்ந்தது, ஆமென் ஓயவில்லை. எவர் பேச்சை நிறுத்தி மூச்சு வாங்கினாலும் அவர் அடிவயிற்றிலிருந்து ஓர் ஆமென் புறப்படும். தோவாளைக்குப் போகும் வழியில் பஸ் ஒன்று மேட்டில் திணறி நின்றபோது அவர் ஆமென் சொல்ல, பயணிகள் மறுபேச்சின்றி இறங்கி நடந்தார்கள். ஓட்டுநரும் கூடவே நடந்தார். அவருடைய தங்கை மகளைப் பெண் கேட்டு வந்த குளச்சல்காரர், "சீதனம் ஒண்ணும் நாங்க கேக்கல்ல, ஆனா..." என்று இழுத்த இடத்தில் விழுந்தது ஓர் ஆமென். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதை எவரும் அறியாமலே கல்யாணம் முடிந்தது.

முப்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலம். சீமையிலிருந்து வந்து எங்கள் மிஷன் பள்ளியில் சங்கீதம் கற்பித்த மிஸ்ஸியம்மாள், சனிக்கிழமைதோறும் பள்ளி மண்டபத்தில் தனியே பியானோ வாசித்தார். அழைப்புப் பெற்ற உத்தியோகஸ்தர்களுக்கு உள்ளே நாற்காலி. மற்றவர்களுக்குச் சன்னலுக்கு வெளியே மழை. ரேந்தை என்னும் லேஸ் பின்னும் பெண்களும் பனையேறிகளும் ஓலைக்குடை பிடித்து நின்று கேட்பதைக் காணப் பொறாமல், வாலிபர் சங்கச் செயலாளனாகிய நான் பள்ளி மானேஜரிடம் வாதாடிக் கதவைத் திறக்கச் செய்தேன். தரையில் பாய் விரித்தோம். எல்லாரும் வந்தார்கள். உபதேசியாரும் வந்தார்.

மேல்நாட்டு இசையில் இத்தனை இடைநிறுத்தங்கள் உண்டென்பதை அன்றுதான் அறிந்தேன். பியானோ மூச்சு வாங்கிய இடமெல்லாம் ஆமென். அவர் சொல்லிவிட்டால் ஆராதனை முடிந்தது என்பது சபைப் பழக்கமாதலால், ஜனங்கள் கைதட்டி எழுந்து பாயை உதறுவார்கள். பியானோ மறுபடி தொடங்கும். அவர்களும் மறுபடி விரித்து உட்காருவார்கள்.

கச்சேரி முடிந்ததும் மானேஜர் என்னைத் தனியே அழைத்தார்.

"அடுத்த சனிக்கிழம ஒரே ஒரு ஆமென் கேட்டாலும் கதவப் பூட்டிருவேன், கேட்டீரா? உம்ம ஆளுக எல்லாம் பழையபடி மழையில நிக்கட்டு."

உபதேசியாரிடம் ஓடினேன்.

"எனக்க வாய் நான் சொன்னா கேக்காது மக்கா. அது தானாட்டு ஓடும்."

"ஒரு சாயங்காலம் மட்டும் பொறுத்துக்கிடுங்க. இல்லண்ணா அந்தப் பொம்பளைகளுக்கு மறுபடியும் ஓலக்குடதான்."

அவர் வெகுநேரம் யோசித்தார். இடையில் நான் பேசாதிருந்ததால் ஓர் ஆமென் வேறு சொன்னார். பிறகு, "வாயில கருப்பட்டி இருந்தா ஒருவேள அடங்கும்," என்றார்.

மறு சனிக்கிழமை, சிரட்டையில் வார்த்த முழுக் கருப்பட்டியை உடைத்து ஒரு பாதியை அவர் வாயில் திணித்தேன். மறுபாதியைக் கையில் கொடுத்தேன். முதல் இடைநிறுத்தத்தில் அவர் கன்னம் புடைத்தது. இரண்டாவதில் கண் பிதுங்கியது. ஆமென் வெளிவரவில்லை. நான் வெற்றியில் திளைத்திருக்கையில் உருப்படி முடிந்தது.

ஒருவரும் அசையவில்லை.

மிஸ்ஸியம்மாள் திரும்பிப் பார்த்தார். கேட்பவர்களுக்கு இன்னும் திருப்தியில்லை என்று எண்ணி இன்னோர் உருப்படி வாசித்தார். அதுவும் முடிந்தது. மீண்டும் மௌனம். மூன்றாவதும் வாசித்தார்.

"ஏட்டி, முடிஞ்சிட்டா?" என்றாள் ரேந்தைக்காரி ஒருத்தி.

"உபதேசியாரு இன்னும் சொல்லல்லியே. சும்மா இரி."

"அடுப்புல ஒலய வச்சிட்டுல்லா வந்தேன்."

"ஜெபத்துக்க நடுவுல எழும்பிப் போவியா நீ?"

நாற்காலிகளும் அசையவில்லை. உத்தியோகஸ்தர்கள் போன வாரம் பாயில் இருந்தவர்களைப் பார்த்தே கைதட்டியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. மானேஜர் உட்படத்தான்.

மிஸ்ஸியம்மாள் விரல்களைத் தேய்த்துவிட்டுக்கொண்டு எழுந்து, தமது புத்தகத் தமிழில் கேட்டார்:

"ஆமென் மொழிகிற ஐயா இன்று வரவில்லையோ? என் தேசத்தில் நான் நிறுத்தும்போதெல்லாம் ஜனங்கள் இருமுவார்கள். இவர் ஆசீர்வதிக்கிறார். எனக்கு இது மேலானது."

மண்டபம் முழுவதும் உபதேசியாரைப் பார்த்தது. கன்னம் புடைத்த உபதேசியார் என்னைப் பார்த்தார். நான் மானேஜரைப் பார்த்தேன்.

"சொல்லும் ஓய்," என்றார் மானேஜர் தணிந்த குரலில். "வீட்டுக்குப் போவாண்டாமா?"

உபதேசியார் சொன்னார். ஆமெனுக்கு முன்னதாகக் கருப்பட்டி வந்து என் வெள்ளைச் சட்டையில் இறங்கியது. முதலில் கைதட்டியவர் மானேஜர்தான்.

அதன்பின் அந்தக் கதவு பூட்டப்படவில்லை. மழைக்காலம் முடியும்வரை ஜனங்கள் பாயில் அமர்ந்தே கேட்டார்கள். தவறான இடங்களிலெல்லாம் எழுந்து உதறினார்கள். உபதேசியார் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் எந்தக் கச்சேரிக்குப் போனாலும், வாத்தியம் ஓய்ந்தவுடன் நான் கைதட்டுவதில்லை. ஒரு மூச்சு காத்திருக்கிறேன்.