பெரியப்பா வாசலில் முடிந்த கோடு

என்னைக் கோபக்காரி என்று சொல்கிற யாரும் இதுவரை பென் டூலைத் தொட்டதில்லை. போட்டோக்களைத் திருத்தும் மென்பொருளில் வளைகோடு போடுவதற்கென்றே இருக்கும் சனியன் அது. ஒரு புள்ளி வைத்து, அடுத்த புள்ளி வைத்து இழுத்தால் நடுவில் கோடு வளைய வேண்டும். வளையும், ஆனால் நாம் நினைத்த பக்கம் வளையாது. இந்தப் பக்கம் நிமிர்த்தினால் அந்தப் பக்கம் கோணிக்கொள்ளும். போளூரில் இதைக் காசு கட்டிப் படித்தவள் நான். என் வினை அங்கேதான் ஆரம்பித்தது.

என் போட்டோவைப் பார்த்துவிட்டு, என்னைப் பெண் பார்க்கக் கண்ணமங்கலத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. அவர்களும் எங்கள் மலைக்காரர்கள்தான். ஆனால் மாப்பிள்ளையின் தாத்தா காலத்திலேயே மலையிறங்கி மளிகைக் கடை வைத்துவிட்ட குடும்பம். ஜமுனாமரத்தூருக்கு மேல் அவர்களுக்கு வழி தெரியாது. செல்போன் மேப் எங்கள் ஊரை வெறும் காடு என்கிறது. (அது சொல்வதும் பெரிய பொய்யில்லை.) கடைத்தெருவைத் தாண்டினால் டவரும் கிடையாது.

"கம்ப்யூட்டர் படிச்சவதானே? எதிர் மேட்டுலேர்ந்து ஒரு போட்டோ புடிச்சி, அதுமேல வழியக் கோடு போட்டு அனுப்பு" என்றார் அப்பா.

பிடித்தேன். மலைச்சரிவின் மேல், பாதை வளைகிற இடத்திலெல்லாம் வளைத்து, சிவப்பாக ஒரு கோடு. கடைசியில் ஓர் அம்புக்குறி, எங்கள் வீட்டு வாசலில். தன்னைப் பார்க்க வருகிறவனுக்குத் தானே வழி வரைவதில் ஒரு வெட்கம் இருக்கிறதே, அதுவும் எனக்கு இருந்தது. அப்பா பின்னால் வந்து நிற்கும் வரைக்கும்தான்.

"இன்னாம்மா இது? அவன் வூட்டு வாசல ஒரசிக்கினு போவுது?"

அவன் என்றால் என் பெரியப்பா. அப்பாவின் கூடப் பிறந்த அண்ணன். அதே பாதையில் எங்களுக்குக் கீழே அவர் வீடு. ஒரு புளியமரத்தை யார் உலுக்குவது என்ற தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது.

"பாதையே அப்படித்தாம்பா போவுது."

"பாதை போவட்டும். கோடு போவக் கூடாது. நல்ல காரியத்துக்கு வர்றவங்க அவன் வூட்டப் பாத்துக்கினு வரணுமா? தள்ளிப் போடு."

கோட்டைத் தள்ளிப் போட்டால் பாதையும் தள்ளிப் போய்விடுமா என்று கத்தினேன். அம்மாவும் வந்து அப்பாவோடு சேர்ந்துகொண்டாள். "கொஞ்சம் நெளிவா இருந்தா அழகாத்தான்டி இருக்கும்." எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. பெரியப்பா வீட்டருகே இருந்த புள்ளியைப் பிடித்துக் கீழே ஒரே இழு. கடைசிப் புள்ளியும் அதோடு சேர்ந்து தேர்வாகிக் கீழே இறங்கிவிட்டதை நான் பார்க்கவில்லை. "இப்பதான் லட்சணமா இருக்குது" என்றார் அப்பா, நடுவளைவை மட்டும் பார்த்துவிட்டு. கடைத்தெருவுக்குப் போய் அதை அனுப்பிவிட்டு வந்தேன்.

அவர்கள் வரும் நாளில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நின்றேன். வேன் மலையேறி வருவது எங்கள் வாசலிலிருந்தே தெரிந்தது. பெரியப்பா வீட்டெதிரே நின்றது. வழி கேட்கிறார்கள் என்று நினைத்தோம். இறங்கினார்கள். செருப்பைக் கழற்றினார்கள். உள்ளே போய்விட்டார்கள்.

அப்பா அந்த வாசலை மிதிப்பதில்லை என்று மாரியம்மன்மேல் சத்தியம் செய்தவர். அவர் போகாமல் அம்மா போகமாட்டாள். பார்க்கப்பட வேண்டிய பெண் போகவே கூடாது. ஆகவே மூன்று பேரும் நின்று வேடிக்கை பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் கோழிக்குழம்பு வாசனை மேலே வந்தது.

அம்மா நெஞ்சில் கைவைத்தாள். எங்கள் பக்கம் பெண் பார்க்க வருகிறவர்கள் சம்மதம் என்றால்தான் அந்த வீட்டில் கை நனைப்பார்கள். சாப்பிட்டுவிட்டால் பேச்சு முடிந்தது. பெரியப்பாவுக்கும் கல்யாண வயதில் ஒரு பெண் உண்டு. செல்வி. என்னைவிட நிறம்.

முறையாவது மண்ணாங்கட்டியாவது! புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கீழே ஓடினேன்.

வரிசையாக இலை. இலையில் சாமைச் சோறும் கோழியும். "ஏங்க, உங்களுக்கெல்லாம் கண்ணு இல்லியா? இதுவா எங்க வூடு?" என்றேன், வணக்கம்கூடச் சொல்லாமல்.

மாப்பிள்ளை வாயில் சோற்றோடு, இடது கையால் செல்போனை நீட்டினார். "கோடு இங்கதாங்க முடியுது."

பிடுங்கிப் பார்த்தேன். அம்புக்குறி பெரியப்பா வாசலில் கம்பீரமாகக் குத்திட்டு நின்றது.

"தெரிஞ்சிக்கினேதானே உக்கார வச்சீங்க பெரிப்பா?"

"வாசல் தேடி வந்தவங்கள வெரட்டச் சொல்றியா? பொண்ணு ரெடியாவுது, மொதல்ல ஒரு வாய் சாப்புடுங்கன்னேன். கை நனைச்சிட்டாங்க. இனிமே பேச இன்னா இருக்குது?"

தண்ணீர்ச் செம்போடு வந்த செல்வி நின்றாள். "நீங்க பொண்ணு போட்டோல பாத்தது இவளத்தாங்க, என்ன இல்ல" என்று மாப்பிள்ளையின் அம்மாவிடம் சொல்லிவிட்டு, செம்பை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள். அவளை மட்டும் நான் என்றைக்கும் திட்டமாட்டேன்.

அந்த அம்மா நிதானமாகக் கை கழுவினார். "நாங்க கை நனைச்சது இந்த வகையறா வூட்டுல. பொண்ணும் இந்த வகையறா. அது தப்பாப் போவாது. ஆனா சாப்பாடு போட்ட கைதான் தாம்பூலமும் மாத்தணும். மூத்தவரு நீங்களே முன்ன நின்னு முடிச்சிக் குடுங்க."

கல்யாணம் நடந்தது. முன்வரிசையில் பெரியப்பா, பெண்ணின் அப்பாவைப் போல. பெண்ணின் அப்பா பின்னால், பந்தலுக்கு வந்தவரைப் போல. என் பக்கமே அவர் திரும்பவில்லை.

பெரியப்பா அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருக்கிறார். சாமந்தி மாலை வேறு. "எந்தம்பி பொண்ணு போட்ட கோடு. எங்க வந்து நிக்குதுன்னு பாருங்க" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்.

போன மாதம் என் மகளின் காதுகுத்துக்குப் பத்திரிகை அடித்தோம். பின்பக்கம் வழிப்படம் போடலாமா என்று கணவர் கேட்டார்.

"தாராளமாப் போடுங்க மாப்ள" என்றார் அப்பா. "எம்பொண்ணு கையில மட்டும் குடுத்துடாதீங்க. அவளுக்குக் கோடு நேரா வராது."

வீடே சிரித்தது. அம்மாவும்தான். வளைக்கச் சொன்னது யார் என்று இத்தனை வருஷத்தில் ஒருவராவது கேட்டார்களா?