வேண்டாம் என்று சொல்லாத ஊர்

தன்னாமுனை,
1991 ஆனி.

லீட்ஸ் மாநகரத்துக் கதவுகள் அனைத்தையும் விரல்முட்டியால் நடுநடுங்க வைப்பவரும், மீசை முளைத்து முடியுமுன்னரே மோர்மன் சபையாரால் 'மூப்பர்' பட்டம் சூட்டப்பட்டவருமான என் தங்கை மகன் எல்மோவுக்கு, அறுபது வயதாகியும் ஒரு பட்டமும் கிடைக்காத தச்சன் பேர்சி அங்கிள் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் இருக்கிறோம். எப்படி என்று கேளாதே, இருக்கிறோம் என்பதே இந்தப் பக்கத்தில் பெரிய செய்தி. இதை உனக்கு முன்னரே பிரித்து வாசிக்கப்போகும் தணிக்கைப் பெரியவருக்கும் என் வணக்கம். நான் நாட்டைப் புகழ்ந்துதான் எழுதுகிறேன் என்பதை அவர் கவனிக்க வேண்டும்.

றோட்டு மூடிக் கிடந்தபடியால் உன்னுடைய ஐந்து திங்கட்கிழமைக் கடிதங்களும் ஒரே கட்டாக வந்து சேர்ந்தன. உன் மம்மி மவுறீன் ஐந்தையும் தபால்கந்தோர் வாசலில் நின்றபடியே வாசித்து முடித்தாள். திங்களில் உடுப்புத் தோய்த்துக் கடிதம் எழுதுவது, மற்ற நாளெல்லாம் அமெரிக்கக் கூட்டாளியோடு வேதம் சொல்ல வீடு வீடாக ஏறி இறங்குவது, அவனை விட்டுவிட்டுக் கடைக்குக்கூடப் போகக்கூடாது, தேத்தண்ணி தொடக்கூடாது, நீ காலை வணக்கம் சொல்லி முடிக்குமுன்னரே ஒரு மனுசி கதவை அடித்துச் சாத்தினாள், இன்னொரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள் என்று நாலு கடிதம். ஐந்தாவதில், மனம் விட்டுப்போச்சு, இரண்டு வருச ஊழியம் முடியுமுன்னம் வந்திடட்டா, மம்மி சொல்வதுதான் முடிவு என்று கேட்டிருக்கிறாய். மம்மி அந்த நிமிசமே முடிவு சொல்லிவிட்டாள். "வரச் சொல்லி வடிவா எழுதுங்க அண்ணா, நீங்க எழுதினா வருவான்" என்று இப்போது என் முன்னால் கதிரை போட்டுக் குந்தியிருக்கிறாள். ஆகவே, நீ வந்தால் உனக்குக் காத்திருக்கும் சுகங்களை இதனால் அறியத்தருகிறேன்.

முதலாவது, கதவு. நாற்பது வருசமாகக் கதவு செய்கிறவன் சொல்கிறேன், முகத்தில் சாத்தத்தான் கதவு. ஆனால் உங்கள் ஊரில் சாத்தினால் சாத்தினபடியே நிற்கிறதாமே, வெளியே நிற்கிறவனும் நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறானாமே! இதை நான் சொல்ல ஊரில் ஒருவரும் நம்பவில்லை, பேர்சிக்கு வயசு போய்ற்று என்கிறார்கள். இங்கே நான் ஒரே வீட்டுக்கு மூன்று தரம் கதவு போட்டேன், மூன்றும் ஆமியின் சப்பாத்துக்கால் உதையோடு போய்விட்டன. நாலாந்தரம் வீட்டுக்காரன், நிலை மட்டும் போதும் பேர்சி, நடுவில் ஒன்றும் வேண்டாம், வருகிறவர்களுக்கும் கால் நோகாது என்றான். அங்கே நீ நாளைக்குப் பத்தாயிரம் கதவு தட்டியும் உன்னை வேண்டும் என்று சொல்ல ஒரு நாதியில்லை. இங்கே நீ ஒரு கதவும் தட்டத் தேவையில்லை மனே, உன்னைத் தேடி வந்து தட்டுவார்கள். உன் வயதுப் பொடியன்களுக்கு இப்போது இங்கே இருக்கிற மவுசு இங்கிலாந்து இளவரசனுக்கும் இல்லை.

இரண்டாவது, உன் புகழ். நீ வெள்ளைச் சேட்டுப் போட்டு, கழுத்தில் ரை கட்டி, நெஞ்சில் பெயர்த்தகடு குத்தி, கூட்டாளியோடு நிற்கிற படத்தை மவுறீன் மாதா படத்துக்கு ஒரு சாண் கீழே மாட்டினாள். சுற்றிவளைப்புக்கு வந்த ஆமி அதிகாரி மாதாவுக்கு முன் தொப்பியைக் கழற்றிவிட்டு, உனக்கு முன்னால் நின்றேவிட்டான். யார் இது என்றான். நான் உண்மையைத்தான் சொன்னேன். எல்லாருக்கும் ஒரே உடுப்பு, இரண்டு பேராகத்தான் போகவேண்டும், கிழமைக்குக் கிழமை பொறுப்பாளருக்கு அறிக்கை, சாராயம் இல்லை, சிகரெட் இல்லை, பொம்பிளைப்பிள்ளைகளோடு சகவாசம் இல்லை என்று நான் சொல்லச் சொல்ல அவன் முகம் கறுத்துக்கொண்டு போனது. இவ்வளவு கட்டுப்பாட்டை அவன் ஒரேயொரு கூட்டத்தில்தான் கண்டிருக்கிறான். எந்தக் காட்டில் பயிற்சி என்றான். லீட்ஸ் என்றேன். அது வன்னியில் எந்தப் பக்கம் என்றான். வன்னியில் இல்லை, லண்டன் பக்கம் என்றேன். வீடு வீடாகப் போய் என்ன செய்கிறான் என்று கேட்டான். செத்தபிறகு எங்கே போவீர்கள் என்று சனங்களைக் கேட்கிறான் என்றேன்.

"அதக் கேக்க லண்டன் போறது எதுக்கு?" என்றான். "நாங்க இஞ்சயே கேக்கிறதானே."

மறுகா என்னையும் படத்தையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் ராசமரியாதை செய்தார்கள். நான் திரும்பிவிட்டேன், படம் காம்பில்தான் இருக்கிறது. நீ வந்தால் ஆளையும் படத்தையும் ஒத்துப்பார்க்க அவர்களுக்கு வசதி. எழுத்து கோழி கிளறினதுபோலத் தெரிந்தால், இது இடக்கை எழுத்து என்று அறிக.

ஒரு பக்கம் மட்டும் உன்னை விரும்புகிறது என்று நினைத்துவிடாதே. இயக்கப் பொடியன்களும் வந்து விசாரித்தார்கள். அவன் ஆண்டவருக்குச் சேவை செய்யப் போய்ற்றான் என்றாள் மவுறீன். ஆண்டவருக்கு ஆள் குறைவில்லை அன்ரி, எங்களுக்குத்தான் குறைவு, வந்ததும் அனுப்பிவையுங்க என்று மிகவும் பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பக்கத்து வீட்டு அழகரத்தினத்தின் மூத்தவன் கட்டாரில் இருந்தானே, அவனையும் தாய் ஆசைப்பட்டு வரச்சொல்லித்தான் எழுதினாள். சவர்க்காரம், பால்மா, தாய்க்கு ஒரு குடை எல்லாம் கொண்டுவந்து இறங்கினான். அந்தக் கிழமையே ஆமிக்காரர் எல்லாரையும் மைதானத்தில் வரிசையாக்கி, ஆள்காட்டியின் சாக்குப்போட்ட தலைக்கு முன்னால் நடக்கவிட்டார்கள். அவன் நடந்தபோது சாக்கு ஆடியது. தாய் அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு காம்ப் வாசலில் நிற்கிறாள். அப்படி ஒரு ஆளே உள்ளே இல்லை என்கிறார்கள். இதையும் புகழ்ந்து எழுதத்தான் பார்த்தேன் மனே, வரவில்லை.

ஆகவே, மவுறீனின் கட்டளைப்படி, உடனே பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்படவும். மாதா உன் காலடிக்கு முன்னால் நடப்பாளாக. உன் அமெரிக்கக் கூட்டாளிக்கும், உன் முகத்தில் கதவைச் சாத்திய மகராசிகள் எல்லாருக்கும், அந்த நாய்க்கும் என் அன்பைச் சொல்லு. இதை இப்போது உன் மம்மிக்கு வாசித்துக் காட்டி, அவள் கையாலும் ஒரு வரி வாங்கி ஒட்டப்போகிறேன்.

என்றும் உன் அங்கிள்,
பேர்சி

பி.கு.: மனே, மம்மி எழுதுறன். அண்ணன் வாசிக்கக் கேட்டன். வரச்சொல்லி எழுதுங்க எண்டது நான்தான். நீ வராத. ரெண்டு வருசம் முடிஞ்சாலும் அங்கயே ஒரு வேலையைப் பாரு. நான் மறுகாலும் வா எண்டு எழுதுவன், அதக் கேக்காத, அது ஆசையில எழுதுறது. உனக்கெண்டு விரிச்சு வச்ச கட்டில அண்ணனுக்கிட்டக் குடுத்திட்டன், அழகரத்தினம் வீட்டுக் கதவுக்குப் பலகை காணாதாம். இஞ்ச வந்தா உனக்குப் படுக்க இடமில்ல.