பச்சை லேபல் முதலாளி

கடைசியாக நீங்கள் கடையில் வாங்கிச் சாப்பிட்ட பார்சலுக்குள் என்னென்ன இருந்தன என்று உங்களால் சொல்ல முடியுமா? முடியாது. அந்தத் தைரியத்தில்தான் ஓர் இனம் தழைத்துக்கொண்டிருக்கிறது. 'எல்லாம் சுத்தம்' இனம்.

எண்ணெய் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். எல்லாம் சுத்தம். இறைச்சி என்றைக்கு வந்தது? எல்லாம் சுத்தம். அட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே கொத்து ரொட்டிக் கடை வைத்திருக்கும் சோலைமலை முதலாளி இந்த இனத்தின் திலகம். விடிந்ததும் சாமி படத்துக்கு மாலை போட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசி, ரொட்டிக் கல்லுக்கும் கல்லாவுக்கும் கற்பூரம் காட்டி முடித்தாரென்றால், அதற்குப் பிறகு அந்தக் கல்லில் எது விழுந்தாலும் அது சுத்தம். முந்தாநாள் எண்ணெய்கூட அந்தப் புகையில் பாவம் தொலைத்துப் புதிதாகப் பிறந்துவிடும் என்பது அவருடைய இரசாயனவியல்.

ஊரில் சீனி வியாதியும் பிரஷரும் பேச்சாகிவிட்டதும் முதலாளிக்கும் விஞ்ஞானம் பிறந்தது. பச்சை நிறத்தில் லேபல் அடித்தார். 'நூறு வீதம் மரக்கறி. கொழுப்பு அற்றது.' அதற்குக் கீழே விட்டமின், கல்சியம், இரும்புச்சத்து என்று ஒரு வரிசை. எங்கே அளந்தார்? வீட்டிலிருந்த பால்மா டின்னை அச்சகத்தில் கொடுத்து, "இதுல உள்ளத அப்படியே போடுங்க" என்றார். குழந்தைகளின் எலும்பு வளர்ச்சிக்கு உகந்த கொத்து ரொட்டி அட்டனில் கிடைக்கத் தொடங்கியது அப்படித்தான்.

ஒரு சனிக்கிழமை மாலை வட்டவளைத் தோட்டத்து நாகலெட்சுமி, மகள் கௌசியோடு வரிசையில் நின்றாள். கௌசிக்கு மீன் ஆகாது. கொஞ்சம் உள்ளே போனாலே முகம் வீங்கி மூச்சடைக்கும். உயிருக்கே ஆபத்து என்று டொக்டர் எச்சரித்திருந்தார்.

"முதலாளி, மரக்கறிக் கொத்துல மீன் கீன் ஏதும் சேருதுங்களா?"

முதலாளி அவள் நெற்றியைப் பார்த்தார். அவரறிந்த உலகத்தில் மனிதர்கள் மீனைப் பற்றி விசாரிப்பதற்கு ஒரே காரணம்தான் உண்டு.

"விரதமாம்மா? பயப்படாதீங்க. கற்பூரம் காட்டித்தான் அடுப்பே பத்த வைக்கிறோம். எல்லாம் சுத்தம்."

"விரதமில்லீங்க. புள்ளைக்கு ஒத்துக்காது."

"லேபல்லயே போட்டிருக்கே, பாக்கலியா?"

பின்னால் நின்றவருக்குப் பொறுமை போயிற்று. "ஏம்மா, கொத்து வாங்க வந்தியா, மாப்பிள விசாரிக்க வந்தியா? நகரும்மா, பஸ்ஸு போயிரும்!"

வரிசை சிரித்தது. நாகலெட்சுமி லேபலை நம்பினாள்.

பஸ்ஸில் நாலு வாய்தான். கௌசியின் உதடு தடித்தது, கண் இடுங்கியது, நெஞ்சு விசிலடித்தது. பஸ்ஸே திரும்பி ஆஸ்பத்திரிக்கு ஓடியது. ஊசி முந்திக்கொண்டதால் பிள்ளை பிழைத்தாள்.

மிச்சமிருந்த பார்சலை முகர்ந்து பார்த்தே விஷயத்தைக் கண்டுபிடித்திருந்த நாகலெட்சுமி, மறுவாரம் கல்லாவுக்கு முன்னால் வந்து நின்றாள். "தேங்காச் சம்பல்ல மாசி போட்டு அதக் கொத்துல கலந்திருக்கீங்க."

"மாசிதானேம்மா?" முதலாளி அப்பாவியாகக் கேட்டார். "அது மீனா? அது தூளு. வாசனைக்குப் போடுறது."

சூரை மீனை அவித்து, கட்டையாகக் காயவைத்து, இடித்துவிட்டால் அது மீனாக இருப்பதை நிறுத்திவிடுமாம்! இந்த மதமாற்றத்தைக் கௌசியின் தொண்டைக்கு யாரும் அறிவிக்கவில்லை.

"அப்ப அத லேபல்ல எழுதுங்க."

"எழுதினா வெள்ளிக்கிழம எவன்மா வாங்குவான்?"

கேட்டீர்களா? அது மீன்தான் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

லேபலை மாற்றினாரா? மாற்றினார். அடுத்த அச்சில் 'உத்தரவாதம்' என்ற சொல் கூடியது. மாசி குறையவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் நாகலெட்சுமி அந்த வரிசைக்குப் பக்கத்தில் நின்று, "மாசி இருக்குங்க, கேட்டு வாங்குங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். வரிசை முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

முதலாளியை நினைத்துச் சிரிக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அன்று "பஸ்ஸு போயிரும்" என்று கத்தியவருக்கும் பார்சலுக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பியவளைத்தான் விரட்டினார். "கடைக்காரன் கண்டதையுமா போடுவான், பேசாமச் சாப்பிடு" என்று உங்கள் பிள்ளையிடம் ஒருமுறையாவது சொல்லியிருந்தால் நீங்களும் அந்த இனம்தான். லேபல் மட்டும்தான் இன்னும் அடிக்கவில்லை.

ஆகையால் அடுத்த சனிக்கிழமை அட்டனில் இறங்கினால், அவள் பக்கத்தில் போய் நில்லுங்கள். இதில் என்னென்ன போட்டீர்கள் என்று வரிசைக்கே கேட்கும்படி கேளுங்கள். "எல்லாம் சுத்தம்" என்று பதில் வந்தால், பார்சலைக் கல்லாவிலேயே வைத்துவிட்டு மறுபடியும் கேளுங்கள்.

பஸ் போனால் போகட்டும்.