நான்கு நாள் குணமான லுகேமியா

ரத்தப் புற்றுநோயை நான் ஒருமுறை குணப்படுத்தியிருக்கிறேன். அந்தப் பெருமை மொத்தம் நான்கு நாள் நீடித்தது.

தொண்ணூறுகளின் நடுவில் அடையாற்றில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பி.எச்டி. மாணவியாக இருந்தேன். அக்யூட் மைலாய்டு லுகேமியா என்ற பொல்லாத புற்றுநோயின் செல்களைக் குடுவையில் வளர்த்து, ஒரு ரசாயனத்தை ஊற்றிப் பார்ப்பது என் வேலை. செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா உணவை எரித்துச் சக்தி தருகிறதல்லவா, அந்த எரிப்பையும் சக்தியையும் இந்த ரசாயனம் பிரித்துவிடும்; சக்தி கிடைக்காமல் செல் சாகவேண்டும். "அடுப்பு எரியும், கேஸ் தீரும், ஆனா மேல பாத்திரமே இருக்காதுப்பா" என்று மந்தைவெளி வீட்டில் அப்பாவுக்கு விளக்கினேன். (வங்கி மேலாளர். கேஸ் வீணாவது சட்டென்று புரிந்தது.)

ஒரு திங்கட்கிழமை பார்த்தால், மருந்து ஊற்றிய குடுவையில் அத்தனை செல்லும் காலி! ஊற்றாத குடுவையில் எல்லாம் ஜம்மென்று இருந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவைத் தவிர யாரிடமும் மூச்சு விடாமல் வெள்ளிக்கிழமை கருத்தரங்குக்காகக் காத்திருந்தேன். என் ஆய்வைத் தொடரவிடுவதா, மூட்டை கட்டி அனுப்புவதா என்று முடிவு செய்யும் கருத்தரங்கு அது. அப்பா இரண்டு கிலோ மைசூர்பாகோடு கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் பேசி முடித்ததும் முடிவு செய்யும் குழுவிலிருந்த பேராசிரியை ஒருவர் கேட்டார்.

"மருந்தை எதுலம்மா கரைச்சே?"

"ஆல்கஹால்ல மேடம். கரையவே மாட்டேன்னு அடம் பிடிச்சுது. தாராளமா ஊத்தினேன்."

"மருந்து இல்லாத குடுவையிலயும் அதே அளவு ஆல்கஹால் ஊத்தினியா?"

"அதுல எதுக்கு மேடம்?" (அட அசடே!)

கடைசி வரிசையில் அப்பா எழுந்தார். "மேடம், அப்ப வெறும் சாராயத்துக்கே செத்திருக்குமோ?"

"அதேதான் சார்."

சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். (மைசூர்பாகு தின்ற நன்றி.) வெறும் ஆல்கஹாலை ஊற்றினேன். அத்தனை செல்லும் அதே அழகாகச் செத்தன. பிறகு ஆல்கஹாலைக் குறைத்துக் கரைத்தபோது மருந்தும் கொஞ்சம் கொன்றது. அந்தக் கொஞ்சத்தை வைத்துத்தான் பட்டம் வாங்கினேன்.

ஆனால் வீட்டில் விஞ்ஞானியானவர் அப்பா. புதுப் பொடியால்தான் சாம்பார் மணக்கிறது என்று அம்மா சொன்னால், "பொடி போடாம ஒரு நாள் வெச்சுப் பாத்தியா?" என்பார். கல்யாணமாகி முதல் தீபாவளிக்கு வந்தபோது, "இவரைக் கட்டிக்கிட்ட பிறகுதாம்பா நிம்மதியா இருக்கேன்" என்றேன். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"கட்டிக்காத குடுவை எங்கம்மா?"

எதிரில் காபி குடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளைக்குப் புரையேறியது. இன்றைக்கும் நான் அவரை எதற்காவது பாராட்டினால், "இரு, உங்கப்பா ஒத்துக்கட்டும்" என்கிறார்.