டூல்பாக்ஸில் காந்தம் வைத்த விவரம்

சேசு மரி சூசை காவல்

ராயபுரம்,
1973 ஜனவரி, கடைசி வெள்ளிக்கிழமை

மதிப்பிற்குரிய மைத்துனர் அருள்பிரகாசம் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை ரோசியின் கணவன் சிலுவைமுத்து வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு ஆண்டவர் கிருபையில் நாங்கள் அனைவரும் சுகம். அரக்கோணத்தில் தங்கள் குடும்பமும் லோகோ ஷெட்டும் அவ்வாறே சுகமாக இருக்க மன்றாடுகிறோம். நாங்கள் சுகம் என்று எழுதியது வழக்கத்துக்காக எழுதியது. உண்மையில் என் மகள் ஐரீனின் கல்யாணம் அந்தரத்தில் தொங்குகிறது. அதற்குக் காரணம் மாப்பிள்ளை வீட்டார் அல்ல, வரதட்சணை அல்ல, நான் வாங்கிய ஒரு காந்தம்.

முழுவதையும் படித்த பிறகு தாங்கள் கோபிக்கலாம். மாப்பிள்ளை லூர்துவின் தகப்பனார் வால்டர்தான் எங்கள் லாஞ்சுக்குச் சாரங்கு, அதாவது சுக்கான் பிடித்து ஓட்டுகிறவர் என்பது தங்களுக்குத் தெரியும். லூர்து அதே லாஞ்சில் கயிறு பிடிக்கிறான், நான் இன்ஜின் பார்க்கிறேன். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருக்கும் கப்பல்களுக்குக் காய்கறியும் கறியும் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் வேலை. அலை தூக்கிப்போடும் லாஞ்சில் டூல்பாக்ஸ் வைத்துக்கொண்டு பிழைப்பது என்ன பாடு என்று ரயிலில் வேலை செய்கிற தங்களுக்கு எப்படிச் சொல்வேன். நட்டு கழற்றுகிற சாக்கெட்டுகள், கிண்ணம் கிண்ணமாக ஒவ்வொரு சைஸிலும் ஒன்று, பெட்டிக்குள் உருண்டு உருண்டு ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். இன்ஜின் நின்று லாஞ்சு ஆடும்போது வேண்டாத சைஸ் எல்லாம் கைக்கு வரும், வேண்டியது மட்டும் கிரீஸுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். மேலே நின்று வால்டர், "இன்னா சிலுவ, முத்து குளிக்கிறியா?" என்பார். சம்பந்தி ஆகப்போகிறவர் என்று நானும் பொறுத்துக்கொள்வேன்.

போன மழைக்காலத்தில் ஒரு ஜப்பான் கப்பலுக்குப் போனபோது அதன் இன்ஜினீயர் தன் பெட்டியைத் திறந்து காட்டினான். உள்ளே ஒரு தட்டு, அதன் மேல் சாக்கெட்டுகள் சிறியது முதல் பெரியது வரை கோயிலில் முதல் நன்மை வாங்கப் போகும் பிள்ளைகளைப் போல வரிசையாக நின்றன. தட்டைத் தலைகீழாகக் கவிழ்த்தான், ஒன்றுகூட விழவில்லை, அடியில் காந்தம். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பர்மா பஜாரில் அதே மாதிரி ஒன்று இருந்தது, கையில் எடுத்தேன், விலை சொன்னான், பிள்ளையைக் கீழே விடுவதுபோலப் பதமாகத் திரும்ப வைத்துவிட்டு வந்தேன். மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறவன் காசை இறைக்கலாமா என்று, மலிவாக என்ன செய்யலாமென்று யோசித்தேன். அந்த யோசனைதான் என்னைக் கெடுத்தது.

முதலில் தச்சர் தங்கப்பாண்டியிடம் மரக்கட்டையில் குழி குழியாக வெட்டித் தரச் சொன்னேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஆனால் கடல் ஈரத்தில் கட்டை ஊதிவிட்டது. அவசரத்துக்கு ஒரு சாக்கெட்டை எடுக்கப்போய் உளி வைத்துக் கட்டையைப் பிளக்க வேண்டியதாயிற்று. அதன்பின் வண்ணாரப்பேட்டை ரஷீது பாயின் காயலான் கடைக்குப் போய் ஒரு பழைய டைனமோவிலிருந்து லாடம் போன்ற காந்தம் வாங்கிவந்து அடுப்பங்கரையில் வைத்தேன். பக்கத்திலிருந்த அரிவாள்மனை தானாகக் குதித்து வந்து அதன்மேல் ஒட்டிக்கொண்டது. தங்கள் தங்கை சிலுவை போட்டுக்கொண்டு, மந்திரிக்கிற ஆளைக் கூப்பிடப் போய்விட்டாள். அதைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது ரஷீது பாய் சொன்னார்: "சிலுவண்ணே, காந்தம்னா மருமவன் மாதிரி. ரொம்ப ஒட்டினாலும் பேஜாரு, ஒட்டாட்டியும் பேஜாரு. டென்ட் கொட்டாய் ஸ்பீக்கர்ல கழட்டினது கீது, அத்த எடுத்துக்க. அளவா இழுக்கும்." அளவாகத்தான் இழுத்தது. அந்தக் காந்தங்களை ஒரு தகரத் தட்டுக்கு அடியில் பதித்தேன். சாக்கெட்டுகள் நின்றன, கவிழ்த்தேன், அப்போதும் நின்றன. ஐரீனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லாகீதுப்பா, கண்ணாலப் பத்திரிகை எப்பப்பா குடுப்ப?" என்றாள்.

இவ்வளவு அருமையான பொருளை இன்ஜின் அறையின் எண்ணெய்த் தண்ணீரில் வைக்க மனம் வருமா? சாரங்கு நிற்கிற கூண்டில், சுக்கானுக்கு எதிரே, திசை காட்டும் காம்பஸுக்கு நேர் கீழே ஒரு பலகை காலியாகக் கிடந்தது. டூல்பாக்ஸைத் திறந்தபடி அங்கே வைத்தேன். ஈரம் படக்கூடாது என்பது ஒரு காரணம். முத்து குளிக்கிறியா என்று கேட்டவர் கண்ணில் தினமும் படவேண்டும் என்பது இன்னொரு காரணம். அதை எழுதாமல் விட்டால் பாவம். வால்டர் பார்த்தார், கேலி செய்யவில்லை. அதுவே எனக்குப் பெரிய பாராட்டாக இருந்தது.

போகிப் பண்டிகையன்று விடிந்ததும் கிளம்பினோம். ஊரெல்லாம் பழைய பாயும் டயரும் கொளுத்திய புகை பனியோடு சேர்ந்து கடல்மேல் இறங்கி, லாஞ்சின் மூக்கே எங்களுக்குத் தெரியவில்லை. மற்ற நாட்களில் துறைமுக வாயைத் தாண்டினால் கப்பல் கண்ணுக்குத் தெரியும், அதைப் பார்த்துப் போனால் போதும். அன்று வால்டர் சுக்கானைப் பிடித்தபடி நேரே பார்த்து நின்றார். கப்பல் வரவில்லை. நேரம் போனது, கப்பல் வரவில்லை. புகை விலகியபோது எதிரே தெரிந்தது கப்பல் அல்ல, மச்சான், நெட்டுக்குப்பம். எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்து நிற்கிறோம். கட்டுமரக்காரன் ஒருவன் பக்கத்தில் வந்து, "இன்னா நைனா, பொங்கலுக்குக் கத்திரிக்கா விக்க வந்தியா? பூசணிக்கா கீதா?" என்று உண்மையாகவே கேட்டான். கரையிலிருந்த பெண்கள் கூடை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். யாரும் கேலிக்காகச் செய்யவில்லை, பண்டிகைக்குக் காய் வேண்டியிருந்தது அவர்களுக்கு. வால்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். லூர்துதான் லாஞ்சைத் திருப்பினான்.

அன்று சாயங்காலம் அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சிலுவ, இந்தக் கடல்ல என் தாடி மொளைக்கறதுக்கு முன்னால இருந்து ஓட்டிகினு இருக்கேன். ஒருநாள் வழி தப்பினதில்ல. இப்ப காய்கறி வண்டிக்காரனா ஆக்கிட்டானுங்க. எனக்கு இன்னாமோ ஆயிப்போச்சு. கண்ணாலத்த இப்ப வாணாம். கொஞ்சநாள் போகட்டும்." எத்தனை நாள் என்று கேட்டேன். தொப்பியை மாட்டிக்கொண்டு திரும்பி நடந்துவிட்டார். தவக்காலம் வந்துவிட்டால் கோயிலில் தாலி கட்ட முடியாது. தேதி சொல்லாமல் தள்ளிப்போடும் கல்யாணம் தள்ளிக்கொண்டே போகும் என்பது தாங்கள் அறியாததா? ஐரீன் தலைமாட்டில் வைத்திருந்த கல்யாணச் சேலையை அவளே மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

இந்த வாரம்தான் தெரிந்தது. ஒரு நட்டு இறுக்குவதற்காக டூல்பாக்ஸைப் பலகையிலிருந்து தூக்கினேன். காம்பஸ் முள் கூடவே திரும்பியது. பெட்டியை இந்தப் பக்கம் கொண்டுபோனேன், இந்தப் பக்கம் வந்தது. அந்தப் பக்கம் கொண்டுபோனேன், அந்தப் பக்கம் போயிற்று. நாய் எலும்பைப் பார்க்கிற மாதிரி என் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது. வடக்கு என்று வால்டருக்குக் காட்டப்பட்டது வடக்கே அல்ல, என் சாக்கெட் தட்டு. ரோசியிடம் மட்டும் சொன்னேன், வெளியே விடாதே என்று மாதா பேரில் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

ஆகையால் மைத்துனரே, ஒரு ஞாயிறு லீவு போட்டு வாருங்கள். பெண்ணின் தாய்மாமன் பேசினால் சம்பந்தி வீட்டில் தட்டமாட்டார்கள், அது நம் வழக்கம். வழி தப்பியது அவரால் அல்ல, காந்தத்தால் என்று வால்டரிடம் சொல்லுங்கள். அந்தக் காந்தம் என்னுடையது என்பதை மட்டும் முடிந்தவரை மெதுவாகச் சொல்லுங்கள். ஊருக்குத் தெரியவேண்டாம். துறைமுகத்தில் என் வேலைக்கு ஒரு பெயர் இருக்கிறது, அதைக் காப்பாற்றிக் கொடுங்கள். தங்கள் வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசீர்வாதமும். அந்தோணியார் தங்களை நல்லபடி வழி நடத்திக் கொண்டுவந்து சேர்ப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் சொல்லை எதிர்பார்த்திருக்கும்
ம. சிலுவைமுத்து

பின்குறிப்பு: ஸ்டாம்பு ஒட்டுவதற்குள் எல்லாம் மாறிவிட்டது. தங்கள் தங்கை பூசை முடிந்து வரும்போது வால்டர் வீட்டம்மாவிடம் மாதா பேரில் செய்த சத்தியத்தோடு சேர்த்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சிறிது நேரத்தில் வால்டரே வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று எழுந்து நின்றேன். அவர் கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "சிலுவ, அந்தக் காம்பஸ நான் பாத்து ரெண்டு வருசம் ஆச்சு. கண்ணுல பால் ஊத்தின மாதிரி கீது. கிட்டக்க எதுவும் தெரியல. கப்பல் கறுப்பாத் தெரியும், அத்த வெச்சு ஓட்டிகினு இருந்தேன். அன்னிக்கு அதுவும் தெரியல. பாக்கறவன்கிட்டதான் காம்பஸு பொய் சொல்லும், என்கிட்ட எங்க சொல்லப்போவுது? உன் காந்தம் ஒண்ணும் பண்ணல." சாத்திய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஆனா, காந்தம்னே இருக்கட்டுமே சிலுவ," என்றார்.

இருக்கட்டும் என்றேன். திங்கள் முதல் லூர்து சுக்கான் பிடிக்கிறான். வால்டர் வயதாகிவிட்டது என்று மரியாதையாக இறங்கிக்கொள்கிறார். தவக்காலத்துக்கு முன்னேயே கல்யாணம், ஐரீன் சேலையை மறுபடி வெளியே எடுத்துவிட்டாள். லாஞ்சு முதலாளி என்னை எல்லோர் முன்னாலும் வைத்துத் திட்டித் தீர்த்துவிட்டார், தட்டு கடலில் போயிற்று. கண் விஷயம் தங்களோடு இருக்கட்டும், ரோசிக்குக்கூடத் தெரியாது. கல்யாணத்துக்குக் கட்டாயம் வாருங்கள். வந்து பந்தியில் உட்கார்ந்ததும், எந்த மடையனாவது காம்பஸுக்குக் கீழே காந்தம் வைப்பானா என்று என்னைத் திட்டுங்கள். சத்தமாகத் திட்டுங்கள், வால்டர் காதில் விழவேண்டும்.