முதல் தடவை வேண்டாம்

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு,

ஃபின்லாந்திலிருந்து யோகப்பிரியா வணங்கி எழுதுவது. இங்கே நான் நலம் என்று தொடங்குவதுதான் முறை. முறைக்காக எழுதிவிட்டேன், நம்ப வேண்டாம். டீச்சர் வேலை போனதை ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னேன். எப்படிப் போனது என்று சொல்லவில்லை, சொன்னால் அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதி, போட்டோ பிடித்து வாட்ஸாப்பில் அனுப்புகிறேன். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள். குற்றவாளியே அவர்தான்.

யார் எதைக் கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும், உடனே கை நீட்டினால் சோற்றுக்கு அலைகிறவள் என்று நினைப்பார்கள் என்றுதானே என்னை வளர்த்தார்? சுப்பாத்தாள் அத்தை நம் வீட்டுக்கு வந்தால், "வேண்டாமுங்க, இப்பத்தான் உண்டுட்டு வந்தேன்" என்பார். "அட, உங்க தம்பி ஊட்டுல உண்ணாமப் போவீங்களா, ரெண்டே ரெண்டு தோசை" என்பார் அம்மா. அத்தை மறுபடி வாயைத் திறப்பதற்குள் தட்டில் தோசை விழுந்திருக்கும், கடைசியில் அரை அடுக்குத் தோசையைக் காலி செய்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார். இதை நம்பி விமானம் ஏறினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

இந்த ஊரில் எதையும் ஒரு தடவைதான் கேட்கிறார்கள். வந்த அன்றைக்கே தலைமையாசிரியை வீட்டில் விருந்து. வெண்ணெய் போட்ட உருளைக்கிழங்கு மேசையில் மணக்கிறது, சாப்பிடுகிறாயா என்றார், எனக்குப் பசி காதை அடைக்கிறது, "பரவாயில்லை, வேண்டாம்" என்றேன், அவ்வளவுதான், என் தட்டை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார். மற்றவர்கள் சாப்பிடுவதைச் சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வகுப்பு டீச்சர் பழைய கோட்டு ஒன்று இருக்கிறது, வேண்டுமா என்றாள், வேண்டாம் என்றேன், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மத்தியானமே இருட்டிவிடுகிற ஊரில், நம் ஊர்ப்பக்கம் கொழிஞ்சாம்பாறையில் வாங்கிய ஸ்வெட்டரோடு பல் தந்தியடிக்க நடக்கிறேன். ஸ்டாஃப் ரூமில் எனக்குக் காபியே கிடையாது, இந்தியா டீச்சர் காபி குடிக்க மாட்டாளாம். நானா? காபி குடிக்க மாட்டேனா?

இதெல்லாம் போகட்டும். போன வாரம் தலைமையாசிரியை கூப்பிட்டு, "நீ நடத்துவது பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது, உன்னை நிரந்தரமாக்கலாமா?" என்று கேட்டார். உள்ளுக்குள் செண்டை மேளம் கொட்டுகிறது. வாய் மட்டும், அம்மா வளர்த்த வாய், "ஐயோ, அவ்வளவு பெரிய பொறுப்புக்கு நான் எங்கே" என்றது. இன்னொரு தடவை கேட்பார் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் என் கையைப் பிடித்து, மனதில் இருப்பதை நேராகச் சொன்னதற்கு நன்றி என்றார். மறுநாள் ஓடிப்போய், எனக்குச் சம்மதம்தான் என்று விளக்கினேன். "அப்படியானால் நேற்று ஏன் பொய் சொன்னாய்?" என்றார். அந்த இடத்துக்கு அதற்குள் வேறொருத்தி வந்தாச்சு. கேட்டதும் சரின்னு சொன்னாளாம், வெட்கங்கெட்டவள். ஜூனோடு எனக்கு இங்கே வேலை இல்லை.

அன்றைக்கு நீங்கள், "வந்துரு சாமி, நம்ம ஊடு இருக்குது" என்றீர்கள். "வேண்டாங்கப்பா" என்றேன். "செரி, உன்ற இஷ்டம்" என்று போனை வைத்துவிட்டீர்கள். நல்லது, நான் வரவில்லை. நான் வெளிநாடு போனதற்குத் தெருமுக்கில் சித்தப்பா கட்டின ஃப்ளெக்ஸில் என் தலைக்கு மேலே விமானம் பறக்கிறது, அதற்குக் கீழே பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்க என்னால் ஆகாது. டிக்கெட் போட வேண்டாம். அம்மா பருப்புப்பொடி அனுப்ப வேண்டாம். என் அறையைத் தம்பி கோகுல்நாத்தே வைத்துக்கொள்ளட்டும், எனக்கு வேண்டாம்.

அம்மாவின் காலைத் தொட்டேன் என்று சொல்லுங்கள், கோபத்தோடுதான் தொட்டேன் என்றும் சொல்லுங்கள். இந்த வருஷமாவது தென்னை உங்களை ஏமாற்றாமல் இருக்கட்டும்.

உங்கள் மகள்,
யோகப்பிரியா

பி.கு.: மேலே இருக்கிற வேண்டாம் எல்லாம் முதல் தடவை சொன்னதுங்கப்பா. இந்த ஊர்க்காரங்களுக்குத்தான் தெரியாது, உங்களுக்குமா தெரியாது? இன்னொரு தடவை கேளுங்க.